ஓட்டைக் குவளைக்காரன் கெனாடி

கெனாடியைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: அவனைப்போல் தரை துடைக்கிறவனை நான் கண்டதில்லை. எங்கள் மால்டோவா நாடு முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டான். இப்போது பெல்ட்ஸி நகரத்தில் ஒரு வேனில் உட்கார்ந்துகொண்டு, போதை ஊசி போடுகிற பிள்ளைகளுக்குப் புது ஊசி கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்கிற வேலை பார்க்கிறான். ஒரு விதவையைக் கட்டிக்கொண்டு கொல்லையில் வாத்து வளர்க்கிறான். போன ஈஸ்டருக்குச் சிவப்பு முட்டையும் பாலாடைக்கட்டி வைத்த அடையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். வாசல் மிதியடியில் காலைத் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே நின்றான். "உள்ள வாடா, தோல் உரிஞ்சிடப் போகுது" என்று நான் அதட்டின பிறகுதான் வந்தான். அந்தப் பழக்கம் ஜெயிலில் வந்தது.

அந்த ஜெயில் ஆஸ்பத்திரியில் நான் நர்சு. பெயர் அக்லாயா. கைதிகளுக்கு சிஸ்டர். முதுகுக்குப் பின்னால் வேறொரு பெயர் வைத்திருந்தார்கள், அது எனக்குத் தெரியாது என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஜெயிலில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு வாய் இல்லாவிட்டால் நாய்கூட மதிக்காது.

கெனாடி திராட்சைத் தோட்டத்துக் குடும்பம். அப்பன் குடித்தே செத்தான். இவன் ஒடெஸாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். கூட வேலை பார்த்தவர்கள் அபின் எடுக்கிற கசகசாச் செடியின் தண்டைக் காய்ச்சி ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள், இவனும் ஏற்றிக்கொண்டான். முதுகுவலி போய்விட்டதாம். முதுகுவலி போனது, கூடவே வேலை போனது, கட்டினவள் போனாள். கடைசியில் டெலிபோன் கம்பியை அறுத்து விற்று மாட்டிக்கொண்டான். வரும்போதே ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது.

எங்கள் ஜெயில்களில் சர்க்கார் சட்டம் ஒன்று, கைதிகள் சட்டம் ஒன்று. சர்க்கார் சட்டத்தை மீறினால் கொஞ்ச நாள் தனிக்கொட்டடி, அதோடு சரி. கைதிகள் சட்டத்தை மீறினால் மீட்சி கிடையாது. ஏதோ ஒரு காரணத்துக்காகத் தள்ளிவைக்கப்பட்டவர்கள் எல்லாக் கொட்டடியிலும் உண்டு. படுக்கை கதவோரம், கக்கூசுக்குப் பக்கத்தில். கழுவுவதும் குப்பை அள்ளுவதும் அவர்கள் வேலை. அவர்களுடைய தகரக் குவளையின் விளிம்புக்குக் கீழே ஒரு ஓட்டை போட்டிருக்கும், கரண்டியிலும் போட்டிருக்கும், மற்றவர்கள் தெரியாமல் தொட்டுவிடக்கூடாதே. தொட்டால் தீட்டு. அந்தக் குவளையில் குடித்தவனும் அன்றிலிருந்து அவர்களில் ஒருவன்.

கெனாடி வந்த நாள் ஆகஸ்ட் வெயில். மூடின வண்டியில் தண்ணீர் இல்லாமல் அடைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். கொட்டடிக்குள் நுழைந்ததும் வாளிக்குப் பக்கத்தில் கையில் அகப்பட்ட குவளையை எடுத்தான், பாதி மொண்டான், மடக்கென்று குடித்தான். பாதிதான் மொண்டதால் ஓட்டை வழியாக ஒழுகவில்லை. நிறைய மொண்டிருந்தால் கையில் ஒழுகியிருக்கும், பார்த்திருப்பான், பிழைத்திருப்பான். குடித்துவிட்டுத் திரும்பினால் கொட்டடியே வாயை மூடிக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அவன் மூட்டையை மட்டும் காலால் தள்ளிக் கதவோரம் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு வாய்த் தண்ணீருக்கு இந்தத் தண்டனையா?

ஆஸ்பத்திரி துடைக்கிற வேலையும் இப்படித்தான் அவனுக்கு வந்தது. தன் குவளையை என் ஜன்னல் மேடையில் வைத்திருப்பான். வேலை முடிந்ததும் நான் தேநீர் ஊற்றுவேன், ஓட்டையைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு குடிப்பான். நானும் அந்தக் குவளையைக் கழுவியிருக்கிறேன். என்னை யாரும் தள்ளிவைக்கவில்லை. வைத்துப் பார்க்கட்டுமே.

இதில் கூத்து என்ன தெரியுமா? இத்தனை தீட்டுப் பார்க்கிற கொட்டடியில் ஊசி மட்டும் பொது. மதிலுக்கு மேலே சரக்குப் பொட்டலம் வந்து விழும், ஒரே ஊசி கை மாறிக் கை மாறிப் போகும். முனை மழுங்கினால் தீப்பெட்டி உரசுகிற பக்கத்தில் தேய்ப்பார்கள். அந்த ஊசி தவறியும் கெனாடி பக்கம் வராது, வந்தால் தீட்டாகிவிடும். ஆனால் சுற்றுகிறவர்களில் பாதிப் பேருக்கு மஞ்சள்காமாலை, பல பேருக்கு எச்.ஐ.வி. என்னிடம் வருவதெல்லாம் சீழ்க்கட்டி. கீறிக் கீறி என் கை மரத்துப்போனது.

டாக்டர் ஸ்டெலா சின்ன வயசுப் பெண், பிடிவாதக்காரி. எங்கெங்கோ மோதி அனுமதி வாங்கி, காகித உறையில் ஒட்டின புது ஊசிகளைப் பெட்டி பெட்டியாக வரவழைத்தாள். சூப்பரண்டு அலறினார். "கைதிக்கு ஊசி குடுக்கறதா? இது வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கற கதை."

"ஓணான் மடியில ஏறி ரொம்ப நாளாச்சு சார். உங்களுக்குத்தான் உறைக்கலை" என்றேன். டாக்டர் என் காலை மிதித்தாள்.

ஊசி வந்தது, வாங்கத்தான் ஆள் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிற நடைபாதை அதிகாரிகளின் அறையை ஒட்டிப் போகிறது. வியாதி இல்லாதவன் தனியாக அந்தப் பக்கம் போனால், கொட்டடியில் அவனைக் காட்டிக்கொடுக்கிறவன் என்று எழுதி ஒட்டிவிடுவார்கள். காட்டிக்கொடுக்கிறவனுக்கும் கதவோரம்தான் இடம். பெட்டி மேல் தூசி ஏறியது. கெனாடி தினமும் அந்தத் தூசியைத் துடைத்தான்.

அடுத்த கோடை தொடக்கத்தில் மிரோன் வந்தான். கெனாடியின் சொந்தத் தம்பி, ரொம்ப இளையவன். பெல்ட்ஸியில் கார் ரேடியோ திருடினவன். அவனும் ஊசிதான். ஆனால் வெளியே வேன்காரர்களிடம் புது ஊசி வாங்கித்தான் போட்டிருக்கிறான், அதனால் ரத்தம் சுத்தம். உள்ளே வந்த அன்று டாக்டரே பரிசோதித்துச் சொன்னாள்.

அன்று மைதானத்தில் நடந்ததை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். புதிதாக வந்தவர்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு போகிறார்கள். குப்பைத் தொட்டியோடு கெனாடி எதிரே வருகிறான். மிரோன் வரிசையை விட்டு, "அண்ணே" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவருகிறான். கெனாடி தொட்டியைக் கீழே போட்டான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பின்னால் போனான், சுவர் இடிக்கிறவரைக்கும் போனான்.

"கிட்ட வராத. என்னைத் தொட்டா உன் கதையும் முடிஞ்சுது. போடா வரிசைக்கு."

மிரோன் விரித்த கையோடு நின்றான். பிறகு யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரே கொட்டடியில் அண்ணன் கதவோரம், தம்பி ஜன்னலோரம். பேச்சில்லை, பார்வையில்லை.

அந்த வாரம் முழுக்கக் கெனாடிக்குத் தேநீர் இறங்கவில்லை. கசகசாத் தண்டு காய்கிற காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அறுவடையானதும் மதிலுக்கு மேலே பொட்டலம் மழையாகக் கொட்டும்.

"சரக்கு வந்துச்சுன்னா மிரோனும் வரிசையில நிப்பான் சிஸ்டர். அந்த ஊசியைத்தான் போட்டுக்குவான். எனக்கு வந்தது வந்தாச்சு. அவனுக்கும் வந்தா எங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நேரா ஒரு ஊசியை எடுத்துட்டுப் போய்க் குடுடா."

"என் கையால குடுத்தா அவன் வாங்குவானா? வாங்கலாமா? வாங்கினா அவன் மூட்டையும் கதவோரம் வந்துடும்."

நானே மிரோனுக்குச் சொல்லியனுப்பிப் பார்த்தேன். தலைவலி என்று சொல்லிக்கொண்டு வா என்றேன். எனக்குத் தலையே இல்லை என்று பதில் அனுப்பினான் அந்தத் திமிர் பிடித்தவன்.

அப்போதுதான் நிக்கானோர் என்னிடம் வந்து சேர்ந்தான். கொட்டடிக்குப் பெரியண்ணன் அவன்தான். வழக்குத் தீர்ப்பது, சரக்குப் பங்கு போடுவது, யாருக்கு எந்தப் படுக்கை என்று சொல்வது எல்லாம் அவன். ஆயுளில் பாதியை உள்ளே கழித்தவன், சாராயக்கடை முதலாளி மாதிரி இருப்பான். முழங்கையில் எலுமிச்சங்காய் அளவு சீழ்க்கட்டி. அவனுக்கு வியாதி இருந்ததால் நடைபாதை பயமில்லை. நாற்காலியில் உட்கார வைத்துக் கீறிக்கொண்டிருந்தேன். மூலையில் கெனாடி துடைத்துக்கொண்டிருந்தான். தள்ளிவைக்கப்பட்டவன் பெரியண்ணனிடம் தானாக வாய் திறக்கக்கூடாது. அடி விழும். கெனாடி வாய் திறந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?"

நிக்கானோர் அவன் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்து, "சிஸ்டர், உங்க துடைப்பம் பேசுது" என்றான்.

"பேசறது மனுஷன். காதுல சீழ் இல்லையே உனக்கு, கேளு. கையை ஆட்டாத."

கெனாடி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சீல் உடைக்காத சிகரெட் பாக்கெட்டை எங்க கையிலேருந்து நீங்கல்லாம் வாங்கறீங்கல்ல அண்ணே?"

"வாங்குவோம். மேல இருக்கற கண்ணாடிக் காகிதம் முழுசா இருந்தா தீட்டு இல்லை. உள்ள இருக்கறதை நீ தொடலையே. அது எனக்கு முன்னாடியே இருக்கற சட்டம்." இதையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

"இந்த ஊசியும் உறைக்குள்ளதான் இருக்கு."

நான் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நிக்கானோரின் நல்ல கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். ஒட்டின ஓரத்தை நகத்தால் நெருடினான்.

"சிகரெட் வேற, ஊசி வேற" என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்னடா வேற? இந்தச் சீழ் எங்கேருந்து வந்துச்சு? உங்க பொது ஊசியிலேருந்து. அதுல யார் யார் ரத்தம் இருக்குன்னு ஒருநாளாவது கேட்டியா? தண்ணி குடிக்கற குவளைக்குத் தீட்டு. நரம்புல குத்தற ஊசிக்குத் தீட்டு இல்லை. நல்லாருக்குய்யா உங்க சட்டம்."

"வாய் ஜாஸ்தி சிஸ்டர் உங்களுக்கு."

"கத்தியும் என் கையிலதான் இருக்கு. பாத்துப் பேசு."

அவன் சிரித்தான். பிறகு முதல்தடவையாகக் கெனாடியை நேராகப் பார்த்தான். "யாருக்காகக் கேக்கற?"

"மிரோனுக்காக."

"அவன் உன் தம்பியா?"

"இங்க வர்றவரைக்கும் தம்பி."

நான் கட்டுப் போட்டு முடித்தேன். நிக்கானோர் எழுந்து கதவு வரைக்கும் போய் நின்று தீர்ப்புச் சொன்னான். "கையில குடுக்கக்கூடாது. கதவுகிட்ட முக்காலி மேல வைக்கணும். வேணும்கறவன் எடுத்துக்கட்டும். ஒட்டினது ஓரத்துல துளி பிரிஞ்சிருந்தாலும் உன் எலும்பை எண்ணிடுவாங்க."

"பழைய ஊசி?"

"குப்பை அள்றது உன் வேலைதானே. அதுக்கும் என்கிட்ட உத்தரவு கேக்கணுமா?"

இப்படியாகத்தான் கொட்டடியில் ஒருவனும் தொடாத கை, எல்லோருக்கும் ஊசி கொண்டுபோகிற கையானது. முதல்நாள் கெனாடி ஊசிகளை முக்காலியில் அடுக்கிவிட்டு எட்டிப் போய் நின்றான். யாரும் அசையவில்லை. முதலில் நிக்கானோர் எழுந்து வந்து ஒன்றை எடுத்தான். பிறகு ஒவ்வொருத்தனாக வந்தான். மிரோன் கடைசியில் வந்தான், ஓரத்தை நகத்தால் நெருடினான், அண்ணன் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனான்.

"எடுத்துக்கிட்டான் சிஸ்டர்" என்று மறுநாள் கெனாடி என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு வாளியைப் பார்த்துக் குனிந்துகொண்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகிற ஆம்பிளையை உற்றுப் பார்க்கக்கூடாது.

நடுவில் ஒரு புது வார்டர் பண்ணின காரியத்தைச் சொல்லாமல் விடமுடியாது. அறுவடை முடிந்து சரக்கு விழத்தொடங்கின அதே நாள். உறைக்குள் கஞ்சா ஏதாவது கடத்துகிறானா பார்க்கலாம் என்று, கெனாடி கொண்டுபோன அத்தனை உறையையும் பிளேடால் கீறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். ஊசி புதுசுதான், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் உறை போயிற்றே. கெனாடி தொட்ட ஊசியாகிவிட்டதே. கொட்டடியில் பொது ஊசியைத் தீப்பெட்டியில் தேய்க்கத் தொடங்கிவிட்டார்கள், மிரோன் வரிசையில் நிற்கிறான். கெனாடி மூச்சு வாங்க ஓடிவந்தான்.

நான் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவனோடு ஓடினேன். நடைபாதையில் அந்த வார்டர் மறித்தான். "இதையும் செக் பண்ணணும்."

"பண்ணு. ஒண்ணைக் கீறினா உனக்கு அடுத்த தடவை பல்லு புடுங்கறப்ப மரமரப்பு ஊசி கிடையாது. என் கையாலதான் புடுங்குவேன்."

அவன் வழிவிட்டான். கொட்டடிக் கதவு வரைக்கும் பெட்டியை நானே தூக்கிப் போனேன். கெனாடி முக்காலியை இழுத்துப் போட்டு அடுக்கினான். தேய்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். வரிசை கலைந்து முக்காலிப் பக்கம் வந்தது. மிரோனும் வந்தான். அன்றைக்கு அந்தப் பொது ஊசியைக் கெனாடி குப்பையோடு அள்ளிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தான். கூர் இல்லாத கட்டை ஆணி மாதிரி இருந்தது. இதையா நரம்பில் குத்தினார்கள்?

பனிக்காலம் வந்தபோது சீழ்க்கட்டி குறைந்துவிட்டது. மற்றக் கொட்டடிகளிலும் இதே ஏற்பாட்டுக்கு டாக்டர் ஆள் பார்த்தாள். போதையை விட்டுவிட நினைக்கிறவர்களுக்கு ஊசிக்குப் பதிலாகக் குடிக்கிற மருந்துத் தண்ணீர் வந்தபோது முதலில் வாய் திறந்தவன் கெனாடிதான். அடுத்து மிரோன் வந்து நின்றான். அப்போது நடைபாதையில் நாலு பேர் சேர்ந்தே வரத்தொடங்கிவிட்டார்கள், யாரை யார் காட்டிக்கொடுப்பது? ஆனால் சட்டம் மட்டும் மாறவில்லை. கெனாடி வைத்த ஊசியை எடுத்தார்கள், கெனாடியைத் தொடவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே ஜன்னலில் மருந்து வாங்கினார்கள், நடுவில் இரண்டு ஆள் இடம் விட்டு.

மிரோன் விடுதலையாகிற காலை. போகிறவனை டாக்டர் பார்த்து அனுப்பவேண்டும் என்பது விதி, அதனால் என் அறைக்கு வந்து நின்றான். நிக்கானோர் ரத்த அழுத்த மாத்திரைக்காக உட்கார்ந்திருந்தான். கெனாடி மூலையில் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான். டாக்டர் ஸ்டெலா உள்ளே வந்து, மிரோனிடம் சொல்லவேண்டியதைக் கெனாடியைப் பார்த்துச் சொன்னாள்.

"ரத்தம் சுத்தமா இருக்கு. எச்.ஐ.வி. இல்லை, காமாலை இல்லை. எப்படி வந்தானோ அப்படியே போறான்."

கெனாடி துணியைப் பிழிந்தான். தண்ணீரே வரவில்லை, இருந்தும் பிழிந்தான்.

மிரோன் நேராக ஜன்னல் மேடைக்குப் போனான். ஓட்டைக் குவளையை எடுத்தான். என் கெண்டியிலிருந்து தேநீரை விளிம்பு வரைக்கும் ஊற்றினான். ஓட்டை வழியாக அவன் மணிக்கட்டில் ஒழுகியது. பொத்தவில்லை, ஒழுகட்டும் என்று விட்டுவிட்டுக் குடித்தான்.

"டேய், டேய்" என்று கெனாடி துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். "பைத்தியமாடா உனக்கு? வெளிய போற நேரத்துல என்னடா பண்ற?"

மிரோன் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு நிக்கானோரிடம் திரும்பினான்.

"பாத்தீங்கள்ல அண்ணே?"

நிக்கானோரின் கையில் மாத்திரை அப்படியே இருந்தது. "பாத்தேன். இனிமே இந்த நாட்டுல எந்த ஜெயிலுக்குப் போனாலும் உனக்குக் கதவோரம்தான்."

"தெரியும். அதனாலதான் உங்க எதிர்ல குடிச்சேன். நாலு பேருக்குச் சொல்லிடுங்க. இனிமே நான் திருடவும் முடியாது, உள்ள வரவும் முடியாது."

குவளையை மேடையில் வைத்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். பிறகு மைதானத்தில் அன்றைக்கு விரித்த மாதிரியே இரண்டு கையையும் விரித்தான்.

"இப்ப நானும் உன் ஜாதிதான். இப்பவாவது கிட்ட வாண்ணே."

கெனாடியின் கை பழக்கத்தில் முதுகுக்குப் பின்னால் போனது. கொஞ்சநேரம் அங்கேயே இருந்தது. பிறகு வந்தான்.